ஞாயிறு கடை மூடப்படும்

பெருநாளைக்கே அரை நாள்தான் கடையை மூடுகிறவன் நளீம். ஆனால் இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிக்குப் பக்கத்தில் திகனயிலுள்ள அவனுடைய கடை திறக்கவில்லை. கனடா போகுமுன் நம்ம ஊர் மலையையும் ஆற்றையும் ஆசைதீரப் பார்த்துவிட வேண்டும் என்று மனைவி பஸ்லியா கேட்டிருந்தாள்.

இன்று ஹந்தானை மலை. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்கார நுரை பூசிக்கொண்டு ஏறினார்கள். உச்சியில் மூச்சு வாங்க நின்ற பஸ்லியா, "கனடாவுல இந்தக் காத்து கிடைக்குமா?" என்று சிரித்தாள்.

நளீமுக்கு மனசு உறுத்தியது.

"பஸ்லியா, கோவிக்காதீங்க. எங்களுக்கு விசா கிடைக்கல்ல. ஏஜன்ட் போன மாசமே சொல்லிட்டார். ஒங்கட சந்தோஷத்தக் கெடுக்க மனசு வரல்ல."

அவள் பிளாஸ்கைத் திறந்து பிளேன்டீ ஊற்றி நீட்டினாள்.

"தெரியும். அவர்ட வைஃப் அன்டைக்கே எனக்குக் கோல் எடுத்துச் சொல்லிட்டாங்க."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் வாயே திறக்கல்ல?"

"நான் வாயத் திறந்திருந்தா, நீங்க அடுத்த ஞாயிறே கடையத் திறந்திருப்பீங்களே!"

நளீம் ஒரு மிடறு குடித்தான்.

"வாற ஞாயிறு நக்கிள்ஸ் மலைக்குப் போவமா?"