செசிலியா வைத்த குழம்பு

எதிர் குவார்ட்டர்ஸ் அருள்நாதனுக்கு ஆறு மாதமாக வயிற்றெரிச்சல். மைன்ஸ் ஷிஃப்டுக்குக்கூட மோர் சாத டப்பாதான். அவர் மனைவி செசிலியா குழம்பில் கொட்டும் மிளகாய்தான் காரணம் என்று பிளாக் முழுக்கப் பேச்சு. பரப்பியது யாரென்று கேட்காதீர்கள்; வீடு வீடாக ஏறி இறங்கி எனக்குத்தான் கால் வலி.

அவர்கள் டாக்டரிடம் போனபோது துணைக்கு நானும் போனேன். கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "மிளகாய் காரணமில்லைம்மா. வயித்துல பாக்டீரியா, அதனால புண்ணு. பதினாலு நாள் மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றார்.

செசிலியா என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களாக்கா? இனிமே என் குழம்பப் பத்தி யாராவது பேசட்டும்!"

இரண்டு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அதற்கும் போனேன்.

"கிருமி போயிடுச்சு, புண்ணும் ஆறிடுச்சு. இனி எது வேணாலும் சாப்பிடலாம்" என்றார் டாக்டர்.

"மீன் வாங்கிக்கினு வூட்டுக்குப் போறேன், வந்துடுங்க" என்று செசிலியா பறந்தாள்.

அருள்நாதன் நாற்காலியை விட்டு எழவில்லை. "சார், இன்னும் ஒரு வருஷம் மோர் சாதம்தான்னு எழுதிக் குடுங்க."

"ஏன், எரியுதா?"

"இல்ல சார். கல்யாணமான இருவது வருஷத்துல இந்த எட்டு மாசம்தான் நல்லா சாப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மதியம் செசிலியா மீன் குழம்புக் கிண்ணத்தோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"ஊரெல்லாம் பேசினீங்களே, ருசி பாருங்கக்கா. இனிமே தினமும் உங்களுக்கு ஒரு கிண்ணம்."

ஒரு வாய் வைத்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக அதே டாக்டர் முன் உட்கார்ந்து, எனக்கும் அந்தக் கிருமி இருக்குமா என்று ஆசையாகக் கேட்டேன்.