காலித் தட்டு

உலகப் போர்க் காலத்திலிருந்து ஹேடோ பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்த கார் லிஃப்டை, விளக்கப் புத்தகம் இல்லாமலே மெக்கானிக் ஜம்புலிங்கம் சரிசெய்துவிட்டார். ஒரே குறை: வால்வைத் திறந்தாலும் காலித் தட்டு தானாக இறங்காது. டிரைவர் நஜிமுதீன் அதில் ஏறி நின்றால்தான் இறங்கும்.

இன்று தானாக இறங்கியது.

"மஜாக் பண்றியா, வெளையாடுறியா? நீதான ஏறுன?"

"இல்லண்ணே. நான் இங்க சாயா குடிச்சிட்டிருக்கேன்."

ஜம்புலிங்கம் நம்பவில்லை. அவனை வாசலில் நிறுத்திவிட்டு மறுபடி தட்டை உயர்த்தி, வால்வைத் திறந்தார். நிதானமாக இறங்கியது. தரையைத் தொட்டதும், நஜிமுதீன் காலை எடுக்கும்போது துள்ளுமே, அப்படித் துள்ளியது.

"லம்பா லைன் பக்கம் போயிட்டு வரேண்ணே" என்று அவன் ஜீப்பில் ஏறினான். ஸ்பிரிங் தளர்ந்த வண்டி அவன் பக்கம் சாய்ந்தது. ஜம்புலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்ததுபோல் வண்டி மெல்ல நேரானது.