ஜன்னல் காளான்

மருந்து தேடி மலைக்காட்டுக் காளான்களின் சாறு விட்டிருந்த சோதனைத் தட்டின் குழிகளில் எல்லாம் செல்களை வைரஸ் தின்று தீர்த்திருந்தது. ஒரு குழியில் மட்டும் செல்கள் உயிரோடு இருந்தன. இன்பவல்லி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தட்டில் ஒரு குழி வீணாகக் கிடக்கிறதே என்று, மழைநீரில் ஊறிய ஆய்வகத்து ஜன்னல் சட்டத்தில் முளைத்திருந்த காளானைக் கிள்ளி, விளையாட்டாக அரைத்துச் சாறு விட்ட குழி அது. ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே புதுச் சட்டம் வெளுப்பாகத் தெரிந்தது. தச்சர் சேவியர் உளிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"பழைய கட்டை எங்கண்ணே?"

"அது அப்பவே கேன்டீன் அடுப்புக்குப் போயிருச்சும்மா. உளுத்துப்போச்சு, மாத்துங்கன்னு நீங்கதானே நச்சரிச்சீங்க?"

அவர் போனதும் இன்பவல்லி ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து புது மரத்தின் மேல் மெல்ல ஊற்றினாள். ஊறுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.