வியாழக்கிழமை ரெத்தினா

"நானும் வரேன்யா. உன் ரெத்தினாவை நானும் ஒரு தபா பாத்துடறேன்."

கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த அருள்நாதனின் சீப்பு அப்படியே நின்றது. அடைக்கலமேரிக்கு அதுவே போதும். வாசலில் துணிப்பை தயாராக இருந்தது. மனுஷன் ஆமாம் என்று சொல்லட்டும், எண்ணூரில் அண்ணன் வீடு இருக்கிறது.

நேற்று அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்தால், இளம்பெண் குரல். "நாளைக்கு ரெத்தினா பாக்கணும், சாரைப் பத்து மணிக்கு வரச் சொல்லுங்க." பட்டென்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் எல்லாம் விளங்கியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், டீயில் பாகு மாதிரி சர்க்கரை கேட்கிறவர், திடீரென்று சர்க்கரையே வேண்டாம் என்றார். பரோட்டாவை விட்டார். காலையில் கல்மண்டபம் வரை நடந்து தொப்பையைக் குறைத்தார். மாதம் ஒரு வியாழக்கிழமை தோஸ்தைப் பார்க்கப் போவதாகக் கிளம்பி, கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினார். அன்று முழுக்க அவள் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார்.

"உடம்பைக் குறைச்சி, கூலிங் கிளாஸும் மாட்டிக்கினா, ஆம்பள கை மீறிட்டான்னு அர்த்தம்க்கா" என்று பக்கத்து வீட்டு ஜெஸ்லின் வேறு தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"யாரு சொன்னது உனக்கு?" என்றார் அருள்நாதன் மெதுவாக.

"யாரு சொன்னா இன்னா? எத்தினி நாளா நடக்குது?"

"ஆறு மாசமா." கட்டிலில் உட்கார்ந்தார். "உங்கப்பாவை வெச்சிக்கினு நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா மேரி? சொன்னா உடைஞ்சிப் பூடுவியேன்னுதான் மறைச்சேன்."

"செத்துப்போன எங்கப்பாவை ஏன்யா இதுல இழுக்கற? நான் உன்னை ஒழுங்கா கவனிக்கலியா?"

"உன் மேல இன்னா தப்பு? எல்லாம் என் நாக்கு பண்ண வேலை. மொதல்ல ஒண்ணுமே தெரியலமே, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி. முத்திப்போன அப்புறம்தான் புரிஞ்சிது."

"புரிஞ்சதும் தலை முழுவ வேண்டியதுதானே?"

"அப்படியே விட்டுட முடியுமா? விட்டா உன் மூஞ்சியக்கூட நான் பாக்க முடியாது."

"இப்ப மட்டும் என் மூஞ்சிய நேரா பாக்கறியா நீ?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

"போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்கய்யா கீறா அவ?"

"அவளா?" அருள்நாதன் திருதிருவென்று விழித்தார். பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் விரலைப் பிடித்து, மூடிய தன் இமை மேல் மெல்ல வைத்தார்.

"இதோ, இதுக்குள்ள. ரெத்தினா இல்லமே, ரெட்டினா! கண்ணுக்குப் பின்னால கீற திரை. சக்கரை வந்து அதுல ரத்தம் கசியுதாம். அதைப் பாக்க மருந்து ஊத்தினா நாள் முழுக்கக் கண்ணு கூசும், அதான் அந்தக் கறுப்புக் கண்ணாடி. இப்பவே லேசர் வெச்சா உங்கப்பாவுக்குப் போன மாதிரி பார்வை போவாம காப்பாத்திக்கலாம்னு டாக்டரு சொல்றாரு. இன்னிக்குத் தொணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க... நீதான் பையோட ரெடியா நிக்கறியே, வாமே!"