ஊரோடு ஒரு பச்சைச் சேலை

"ஊருல ஒருத்தர் பாக்கியில்லாம எடுத்துட்டாங்க. நாம மட்டும் எடுக்கலேன்னா எப்புடிங்க?" ரஞ்சிதா அன்று காலையில் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

உரக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆத்மநாதன், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே மனைவியை முறைத்தார்.

"எவனோ ஒருத்தன் போன்ல கெளப்பிவிட்டதுக்கு ஊரே சேலைக் கடைக்கு ஓடுது. ஏன் ஓடுறோம்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?"

கேட்கவில்லைதான். பத்து நாளாக அன்னவாசல் முழுக்க இதே பேச்சு. சித்திரை முடிவதற்குள் கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் தம்பிகள் பச்சைச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அண்ணன் தம்பிக்கு ஆகாதாம். யார் சொன்னது என்று விசாரித்தால் ஒருத்தி பூசாரி என்றாள், இன்னொருத்தி டிவி என்றாள். எதிர்வீட்டுப் பரிமளா, "அதான் எல்லாரும் சொல்றாங்கல்ல" என்று முடித்துவிட்டாள்.

ரஞ்சிதாவும் இதை நம்பிவிடவில்லை. ஆனால் இதை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. குடுமியான்மலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனார் சொர்ணவல்லியோடு இவர் பேசி மூன்று வருஷமாகிறது. சொர்ணத்தின் புது வீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்கு மேலே கொழுந்தனார் பெயரை அச்சடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் சண்டை. உறவுக்காரர்களோ, "வந்தவ பிரிச்சுட்டா" என்று பழியைத் தூக்கி ரஞ்சிதாவின் தலையில் போட்டார்கள். இப்போது வைகாசியில் சொர்ணத்தின் மகள் பிரகதீஸ்வரிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் அந்தப் பெண் மணவறை ஏறினால், ரஞ்சிதா சாகும்வரை அந்தப் பழி போகாது.

"நீங்க நம்ப வேணாம். என் மனசுக்காக வாங்க. ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?" என்று கண்ணைக் கசக்கினாள். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"ஒன் தொல்லை தாங்க முடியல. கெளம்பு," என்றார் ஆத்மநாதன்.

பெலிக்ஸின் ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமில்லை. கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் தீரும் நிலையில் இருந்தன. பெலிக்ஸ் ஒரு நீலச் சேலையை விரித்துப் போட்டு, "இது மயில்பச்சைங்க" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்களே கெடையாது. எல்லாரும் எடுக்கும்போது சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?" என்று ஒரு பெண் தனக்குத்தானே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"எங்க ஆளுங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் இல்லைங்க. இருந்தாலும் ஆவூர்ல இருக்குற அக்காவுக்கு ஒண்ணு எடுத்து வச்சுட்டேன்," என்றார் பெலிக்ஸ்.

ஆத்மநாதன் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையாலேயே அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, அரக்கு பார்டர் போட்ட இலைப்பச்சைச் சேலையை எடுக்கச் சொன்னார். நின்று பேசினால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து, ரஞ்சிதா அதற்கே பில் போடச் சொன்னாள்.

சொர்ணவல்லி கூடத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவள், அண்ணனைப் பார்த்ததும் நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். வா என்று சொல்லவில்லை. ரஞ்சிதா வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

ஆத்மநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே பையை நீட்டினார். "எனக்கொண்ணும் இதுல நம்பிக்கை இல்ல. ஊரே எடுக்குது. ஒன் மதினியும் விட மாட்டேங்குறா."

"எனக்கும்தான் நம்பிக்கை இல்ல. ஆனா வேணாம்னு சொல்லி, ஒனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?" சொர்ணம் சட்டென்று பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பத்து நாளா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேண்ணே. தெருவுல எல்லாத்துக்கும் அண்ணன் தம்பி வந்துட்டாங்க. எனக்குத்தான் வரல."

"அதான் வந்துட்டேன்ல," என்றார்.

மஞ்சள் கையோடு முதல் பத்திரிகையை அவரிடம் கொடுத்தாள். "ஒம் பேருதான் மேல இருக்கு, பாத்துக்க. நான் கொண்டாந்தா வாசலோட அனுப்பிருவியோன்னு பயமா இருந்துச்சு. மதினி, அங்கிட்டே ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க."

மூன்று வருஷப் பாரம் ரஞ்சிதாவின் தலையிலிருந்து அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்ற நாத்தனாரை, தன் புருஷன் போனிலேயே ஒரு படம் எடுத்தாள்.

திரும்பும் வழியில் கரும்புச்சாறு குடிக்க வண்டியை நிறுத்தினார்கள்.

"இத எந்தப் புண்ணியவான் கெளப்பிவிட்டானோ, அவன் குடும்பம் நல்லா இருக்கணும்," என்றாள் ரஞ்சிதா மனசாரவே.

"எவனாவது வேலையத்த பய," என்று சொல்லிவிட்டு ஆத்மநாதன் சாறு வாங்கப் போனார்.

அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று அவர் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அவசரத்தில் விரல் தவறி, அவர் தமக்குத்தாமே குறிப்பு எழுதி அனுப்பி வைத்துக்கொள்ளும் பக்கம் திறந்துகொண்டது.

"மஞ்சச் சேலை" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "செவப்பு" என்று ஒரு வரி, அதற்கும் கீழே "பச்சை. சொர்ணத்துக்கு அதான் எடுப்பா இருக்கும்" என்று ஒரு வரி. கடைசியில், ஊரையே ஜவுளிக்கடைக்கு ஓட வைத்த அந்தச் செய்தி முழுசாக, ஊரில் யாருமே அதைக் கேள்விப்படுவதற்கு முந்தைய நாளின் தேதியோடு இருந்தது.