பதினாலாவது ஆர்டர்

"மவுஸைத் தொடாதீங்கக்கா. இனிமே அது தானா நகரும்."

ரேணுகாம்பாள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சிம்ரன் ஒரு பட்டனை அழுத்தினாள். திரையில் அம்புக்குறி தானாகவே நகர்ந்து ஓர் ஆர்டரைத் திறந்தது. பேர், புடவை நம்பர், அட்ரஸ், பின்கோடு எல்லாம் கூரியர் பக்கத்தில் மளமளவென்று விழுந்தன. கீபோர்டில் ஒரு விரல்கூட இல்லை.

நாலு வருஷமாக ரேணு செய்துவந்த வேலை அது.

காந்தி ரோட்டுப் பட்டுப்புடவைக் கடையின் மாடியில், ஆன்லைன் ஆர்டர்களுக்கு லேபிள் போடுகிறவள் அவள். எட்டாவது வரைதான் படிப்பு. கம்ப்யூட்டரையே இங்கே வந்துதான் தொட்டாள். இந்த இடத்தை விட்டால் வேறு யாரும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். பொண்ணு இப்போதுதான் எல்.கே.ஜி.

சிம்ரன் சென்னையிலிருந்து வந்தவள். ஆள் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்க வந்திருந்தாள். அதைப் 'பாட்' என்றார்கள். போன வாரம் இரண்டு நாள் ரேணுவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எங்கே கிளிக் பண்ணுகிறாள், என்ன டைப் அடிக்கிறாள் என்று எல்லாவற்றையும் ரெக்கார்ட் பண்ணினாள். டீ கொடுத்தால் வேண்டாம் என்றாள். ஒரு சிரிப்பு கிடையாது. கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"வேற ஏதாவது பார்ப்பீங்களாக்கா?"

"இல்லமா, அவ்ளோதான்."

பொய்.

அன்றைக்குக் காலையில்தான் மேனேஜர் சபாபதி படிக்கட்டில் நின்று போன் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. பாட் வந்துட்டா மாடியில ஆளே வேணாம் என்றார்.

அதனால் ரேணு குறிப்புப் பெட்டியைத் திறந்து காட்டவில்லை.

ஆர்டரின் அடியில், வாங்குகிறவர்கள் ஏதாவது எழுதுவதற்கென்று ஒரு பெட்டி உண்டு. பாதிப் பேர் எழுத மாட்டார்கள். முகூர்த்தப் புடவை வாங்குகிறவர்கள் கட்டாயம் எழுதுவார்கள். வாங்குவது மாப்பிள்ளை வீடு, மேலே இருப்பதும் அவர்கள் அட்ரஸ். ஆனால் ஜாக்கெட் தைக்கப் புடவை பொண்ணு வீட்டுக்குப் போயாக வேண்டும். அந்த அட்ரஸ் பெட்டிக்குள்தான் இருக்கும்.

அந்த இரண்டு நாளும் சிம்ரன் கீழே இறங்கியதும், ரேணு பெட்டிகளைப் படித்துத் தப்பு லேபிள்களைக் கிழித்து மாற்றி ஒட்டிவிட்டாள். இன்றைக்கு அது முடியாது. லேபிள் நேராகக் கீழே பேக்கிங்கில் அச்சாகிறது. கூரியர் வண்டி வாசலில் நிற்கிறது.

லிஸ்டில் பதினாலாவது ஆர்டரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. பெட்டிக்குள் ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கு அது ஒன்றில்தான் புள்ளி.

காலையிலேயே அவள் அதைப் படித்துவிட்டாள். அரக்குக் கலர் புடவை. திங்கட்கிழமை கல்யாணம். மேலே இருப்பது திருநெல்வேலி அட்ரஸ். பொண்ணு இருப்பது விழுப்புரத்தில்.

பாட் ஒன்பதாவதை முடித்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். புடவை திருநெல்வேலிக்குப் போகும். திட்டி போன் வரும். பாட் சரியில்லை என்று ஆகிவிடும். நாற்காலி மறுபடி அவளுக்கே.

பத்து. பதினொன்று.

சபாபதி பின்னால் வந்து நின்றுகொண்டார். நீ காலையிலேர்ந்து பண்ணிக்கினு இருக்கிற வேலையை இது காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடும்போல இருக்குதே என்று ரேணுவைச் சீண்டினார்.

அவளுக்குத் தன் கல்யாணத்தில் ஜாக்கெட் கை ஏறாமல், அங்கங்கே பின் குத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அந்த விழுப்புரத்துப் பொண்ணுக்குப் பின் குத்தக்கூட ஒன்றும் இருக்காது.

பன்னிரண்டு. பதிமூன்று.

"நிறுத்துமா," என்றாள். "அன்னிக்கு ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன்."

பெட்டியை, புள்ளியை, திங்கட்கிழமை கல்யாணத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். சபாபதியின் முகம் மாறியது. வேணும்னே மறைச்சியா என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இனி பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"சார், ஸ்கிரீனைப் பாருங்க," என்றாள் சிம்ரன்.

பதினாலாவதில் பாட் தானாகவே நின்றிருந்தது. நடுவில் ஒரு கட்டம். 'குறிப்பு உள்ளது. ரேணுகாம்பாள் படித்த பிறகே அனுப்ப வேண்டும்.'

ஜனங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதுறதை இதால படிக்க முடியாது, புள்ளி வர்ற ஆர்டருக்கு ஓர் ஆள் இருந்தே ஆகணும், போன வாரமே ரிப்போர்ட்ல எழுதிட்டேன் என்றாள் சிம்ரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. சபாபதி ஏதோ முனகிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

ரேணு விழுப்புரம் அட்ரஸை அடித்து முடித்தாள்.

"உனக்கு எப்படிமா தெரியும்?"

"ரெக்கார்டிங்ல பார்த்தேன்க்கா. புள்ளி வந்தப்பல்லாம் உங்க மவுஸ் அந்தப் பெட்டிகிட்ட போயி, தொடாமயே திரும்பி வந்துச்சு."

ரேணு தலையைக் குனிந்துகொண்டாள். "நெஜமாவே இதுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றாள்.

சிம்ரன் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிக் கொடுத்தா படிக்கும்க்கா. நானும் ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன்."