மணற்பாறையின் ஊர்க்கணக்கு

இது நான் நேரில் கண்டதல்ல. எண்ணெய் வயலில் வேலை பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டது.

நாட்டில் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று கணக்குப் போட்ட கால்குலேட்டர், கிடங்கிலிருந்த மணற்பாறைத் துண்டைத் தேடி வந்தது. முதல் கிணறு தோண்டியபோது, அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க வெட்டியெடுத்து, பெட்டியில் போட்டு வைத்த துண்டு அது.

“பெரியவரே, உங்க ஊர்ல எண்ணெய் எப்படி?”

“அதையேன் கேக்குற தம்பி! மணலுக்கு மணல் நடுவுல எண்ணெய்தான். கதகதன்னு நெருக்கியடிச்சுக்கிட்டுக் கிடப்போம்.”

கால்குலேட்டர் மளமளவென்று பெருக்கியது.

அதே கிணற்றுக்குள் கம்பியில் இறங்கி ஏறிய அளவுக்கருவி, ஈரம் சொட்ட வந்து நின்றது. “நான் இப்பதான் அங்கேருந்து வரேன். வெறும் உப்புத்தண்ணி.”

பாறைக்குத் திக்கென்றது. ஊர் வற்றிவிட்டதென்றால் கிணற்றைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிடுவார்கள். என்றாவது திரும்பிப் போகலாம் என்றிருந்த ஒரே வழி அதுதான்.

“நீ வழி தப்பி வேற எங்கயோ போயிருப்பே.”

“இல்லீங்க. உங்களை வெட்டியெடுத்த இடத்தையும் பார்த்தேன். இன்னும் காலியாத்தான் இருக்கு. அதுலயும் தண்ணிதான் நிக்குது.”

“அழிச்சிடு தம்பி,” என்றது பாறை கால்குலேட்டரிடம். “நான் சொன்னது, நான் கிளம்பின அன்னிக்கு இருந்த கணக்கு.”

பிறகு விசாரித்தேன். கிணற்றை அடைத்துவிட்டார்கள். கிடங்கில் அந்தப் பெட்டியைத் திறந்தும் பார்த்தேன். பாறையில் எண்ணெய் வாடை இன்னும் அடிக்கிறது.